காலை ஊன்றாத வண்டி

பள்ளிக்கூடத்து ஆண்டு விழாக்களிலும் பொங்கல் விளையாட்டுகளிலும் மெது சைக்கிள் போட்டி என்று ஒன்று வைப்பார்கள். நேயர்களில் அதைப் பார்க்காதவர் இருக்க முடியாது. பரிசாக எவர்சில்வர் டம்ளர் வாங்கியவர்களும் சிலர் இருக்கலாம். எல்லோருக்கும் கடைசியாக வந்து சேருகிறவனுக்கே முதல் பரிசு. ஆனால் நடுவில் கால் தரையில் பட்டுவிட்டால் ஆள் ஆட்டத்திலிருந்து நீங்கினான். வேகமாக ஓட்டுவதற்குத் தைரியம் போதும், மெதுவாக ஓட்டுவதற்கே வித்தை வேண்டும் என்று எங்கள் தேகப்பயிற்சி உபாத்தியாயர் சொல்வார்.

இந்த விளையாட்டையே மோட்டார் சைக்கிளில் ஆடுகிறவர்கள் மேல்நாட்டில் உண்டு. அதற்கு ‘டிரையல்’ என்று பெயர். பாசி படர்ந்த பாறை, ஓடை, வேர் பின்னிய சரிவு, சேற்றுக் குழி இவற்றின் மேல் கொடி நட்டு ஒரு வழி காட்டுவார்கள். அந்த வழியே கால் ஊன்றாமல் போக வேண்டும். கால் ஒரு முறை தரையில் பட்டால் ஒரு மதிப்பெண் நஷ்டம்; வண்டி நின்று போனால் ஐந்து. யாருக்கு நஷ்டம் குறைவோ அவர் ஜயித்தவர். ஸ்காட்லாந்து மலைகளில் ஆறு நாள் தொடர்ந்து இப்படி ஒரு பரீட்சை நடக்கிறது. 1961-ல் கார்டன் ஜாக்ஸன் என்பவர் ஆறு நாளும் சேர்த்து ஒரே ஒரு மதிப்பெண்தான் இழந்தார். அதாவது, ஆறு நாளில் ஒரே தடவை கால் ஊன்றினார். ஐப்பசி மழையில் அம்பத்தூர் எஸ்டேட் ரஸ்தா வழியாக வேலைக்குப் போய் வருகிறவர்கள் எதற்கும் லேசில் அசந்து போகிறவர்கள் அல்ல. அவர்களுக்குக்கூட இது சற்று ஆச்சரியமாகவே இருக்கும்.

இந்தப் பரீட்சையில் நம் ஊர் வண்டி ஒன்றுக்குப் பெரிய பெயர் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. நம் ஊர் என்று நான் உரிமை கொண்டாடுவது புல்லட்டை. இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்த அந்த வண்டியின் பின் சக்கரத்துக்கு ஆடும் கவையும் ஸ்பிரிங்கும் வைத்து 1948-ல் முதன்முதலாக வெளியே கொண்டு வந்தபோது, கடையில் வைத்துக் காட்டவில்லை. ஒரு டிரையலில்தான் இறக்கினார்கள். மேடு பள்ளத்தில் முதுகை ஒடிக்காத வண்டி என்று காட்டுவதற்கு அதைவிட நல்ல இடம் ஏது? 1952-ல் ஜானி பிரிட்டெய்ன் என்ற இருபது வயதுப் பையன் அதே வண்டியில் ஸ்காட்லாந்து பரீட்சையை ஜயித்தான். 1957-ல் இன்னொரு முறை ஜயித்தான். அதே 1950-களின் தொடக்கத்தில் நம் ராணுவம் எல்லைக் காவலுக்காகப் புல்லட்டை வாங்க ஆரம்பித்தது. 1955-ல் சென்னையில் என்பீல்டு இந்தியா கம்பெனி ஏற்பட்டது. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் சீமையிலிருந்து வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். 1962-க்குள் எல்லாப் பாகங்களும் இந்த நாட்டிலேயே தயாராயின.

இத்தனை பெயர் வாங்கிய வண்டியை, அதன் சொந்த மைதானத்தில் வீழ்த்தியது எது என்று கேட்டால், பதில் ஸ்பெயின் தேசத்திலிருந்து வருகிறது.

நான் இந்தக் கதைக்குள் அகப்பட்டுக்கொண்டது என் தமக்கை மகனால். அவன் மூன்று வருஷமாகப் பார்ஸலோனா நகரத்தில் உத்தியோகம் பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் மலைக் கிராமங்களில் பழைய வண்டிக்காரர்கள் கூடுவார்களாம். அங்கே ஒரு கிழவர் தம் வண்டியை அவனிடம் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அன்று பிடித்தது பித்து. “மாமா, இதைப் போல ஒன்று எனக்கு வேண்டும். தாத்தாவின் புல்லட்டை நல்ல விலைக்கு விற்றால் பாதிப் பணத்துக்கு மேல் தேறும். தாத்தாவிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்” என்று எழுதியிருந்தான். கூடவே படம். மெலிந்த வண்டி; குறுகிய ஆசனம்; தரையிலிருந்து எஞ்சின் எட்டி நிற்கிறது. புல்லட்டின் பக்கத்தில் நிறுத்தினால் எருமைக்குப் பக்கத்தில் வெள்ளாடு நிற்பது போலிருக்கும். பெயர் ‘புல்டாகோ ஷெர்பா’. எவரெஸ்டில் 1953-ல் ஏறிய டென்ஸிங்கின் குலப் பெயரை அந்த வண்டிக்குச் சூட்டியிருக்கிறார்கள். நம் இமயமலைப் பெயரை ஸ்பெயின்காரன் எடுத்துக்கொண்டான். நம் கம்பெனி ‘ஹிமாலயன்’ என்று பெயர் வைத்து ஒரு வண்டி கொண்டுவர 2016 ஆயிற்று.

தகப்பனாரிடம் பேசுவதற்கு முன் அந்த வண்டியின் ஜாதகத்தை விசாரித்தேன்.

ஸ்பெயினில் 1936 முதல் 1939 வரை உள்நாட்டு யுத்தம். அதன் பிறகு அந்தத் தேசம் கதவைச் சாத்திக்கொண்டது. அந்நிய வண்டி உள்ளே வருவது அபூர்வம். அந்த நாளில், 1945-ல், பார்ஸலோனாவில் பெர்மன்யேர் என்பவரும் பிரான்ஸிஸ்கோ புல்டோ என்பவரும் சேர்ந்து ‘மான்டெஸா’ என்ற மோட்டார் சைக்கிள் கம்பெனியை ஆரம்பித்தார்கள். 1958-ல் பணமுடை. பந்தயங்களில் கலந்துகொள்வதை நிறுத்திச் செலவைக் குறைக்கலாம் என்று கூட்டாளி சொன்னார். புல்டோ கோபித்துக்கொண்டு வெளியேறினார். கட்டம் போட்ட பந்தயக் கொடி எங்கே போகிறதோ அங்கேதான் சந்தையும் போகும் என்பது அவருடைய சித்தாந்தம். பந்தயப் பிரிவில் வேலை பார்த்தவர்கள் பலர் அவருக்குப் பின்னால் வந்துவிட்டார்கள். அவருடைய பண்ணை வீடுதான் முதல் பட்டறை. 1959-ல் முதல் வண்டி வெளிவந்தது. புல்டோவின் பெயரையும், வீட்டில் கூப்பிடும் ‘பாகோ’ என்ற செல்லப் பெயரையும் கலந்து கம்பெனிக்குப் பெயர் வைத்தார்கள்.

ஆனால் சொந்த ஊரில் வாங்குகிற கை குறைந்துகொண்டே வந்தது. 1957-ல் ஸியட் 600 என்ற சின்னக் கார் வந்துவிட்டது. குழந்தை குட்டிகளோடு மோட்டார் சைக்கிளில் தொற்றிக்கொண்டு போன குடும்பங்கள் காருக்கு மாறின. நம் நாட்டில் 1983-ல் மாருதி வந்தபோது நடந்ததை நினைத்துக்கொண்டால் விஷயம் விளங்கும். ஆகவே ஸ்பெயின்காரர்கள் வெளிநாட்டானுக்கு விற்றாக வேண்டியிருந்தது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பொழுதுபோக்குக்காகக் காட்டிலும் மேட்டிலும் வண்டி ஓட்டுகிறவர்கள் பெருகிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஏற்ற வண்டி வேண்டும்.

அப்போது இங்கிலாந்தில் டிரையல் மன்னராக இருந்தவர் ஸாமி மில்லர், பெல்பாஸ்டில் பிறந்தவர். அவருடைய வண்டி 500 சி.சி. ஏரியல், புல்லட்டைப் போலவே நாலு ஸ்ட்ரோக், கனமான சரீரம். ஸ்காட்லாந்து பரீட்சையை 1962-லும் 1964-லும் அந்த வண்டியில் ஜயித்திருந்தார். புல்டோ அவரை 1964-ல் பார்ஸலோனாவுக்கு அழைத்தார். பட்டறையில் பகலெல்லாம் வெட்டுவதும் ஒட்டுவதும், பக்கத்து மலையில் ஓட்டிப் பார்ப்பதும், திரும்பி வந்து மாற்றுவதுமாகப் பன்னிரண்டே நாளில் ஒரு வண்டியை உருவாக்கிவிட்டார்கள். அதுதான் ஷெர்பா. 244 சி.சி., இரண்டு ஸ்ட்ரோக். எடை நூறு கிலோவுக்கும் குறைவு. 1965-ல் மில்லர் அதே வண்டியில் ஸ்காட்லாந்து பரீட்சையை ஜயித்தார்.

இரண்டு ஸ்ட்ரோக், நாலு ஸ்ட்ரோக் என்பது என்ன என்று கேட்கும் தாய்மார்களுக்காக இரண்டு வார்த்தை. நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் சக்கரத்தண்டு இரண்டு சுற்றுச் சுற்றுவதற்கு ஒரு தரம் பெட்ரோல் வெடிக்கும். இரண்டு ஸ்ட்ரோக்கில் சுற்றுக்கு ஒரு தரம். அதில் வால்வு இல்லை, அதை ஆட்டும் தண்டுகள் இல்லை. பாகம் குறைவு, பாரம் குறைவு. எண்ணெயைப் பெட்ரோலிலேயே கலந்து விடுவதால் புகை மட்டும் அதிகம். மைசூரில் தயாரான ஜாவாவும் எஸ்டியும் இந்த ஜாதிதான். புல்லட்டோ ஒவ்வொரு வெடிப்பையும் ஊருக்கெல்லாம் அறிவித்துக்கொண்டு போகிற நாலு ஸ்ட்ரோக். அந்தச் சத்தத்துக்காகவே அதை வாங்கினவர்கள் உண்டு. பாறை மேல் ஏறுகிறவனுக்குச் சத்தம் என்ன செய்யும்? முன் சக்கரத்தைக் கையால் தூக்கி வைக்கக்கூடிய வண்டி கிடைத்த பிறகு, 150 கிலோவுக்கு மேற்பட்ட வண்டியோடு யார் மல்லுக்கட்டுவார்கள்?

இன்றைக்கும் இங்கிலாந்தில் பழைய வண்டிக்காரர்கள் தங்கள் பஞ்சாங்கத்தை 1965-ல்தான் கிழிக்கிறார்கள். அதற்கு முற்பட்ட சீமை வண்டிகளுக்குத் தனிப் போட்டி; ஸ்பெயின் வண்டி வந்த பிற்பாடு உள்ளவற்றுக்குத் தனிப் போட்டி. கி.மு., கி.பி. என்று நாம் பிரிப்பது போல.

திருவொற்றியூருக்கு மட்டும் அந்த வருஷம் வரவே இல்லை.

இந்த இடம்தான் என்னை யோசிக்க வைத்தது. ஸ்பெயினும் கதவைச் சாத்தியிருந்தது; நாமும் சாத்தியிருந்தோம். அந்நிய வண்டி உள்ளே வராமல் தடுத்தால் நம் தொழில் வளரும் என்று நம்பினோம். அப்படி நம்பியதில் தப்பில்லை என்பதற்கு எங்கள் மேற்குப் புறநகரமே சாட்சி. 1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை ஆவடியில் கூடி, சோஷலிஸ பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. அதே வருஷம் அதே ஆவடியில் சைக்கிளுக்கும் மோட்டாருக்கும் வேண்டிய எஃகுக் குழாய் செய்யும் டியூப் புராடக்ட்ஸ் தோன்றியது. அம்பத்தூரில் 1949-லேயே டி.ஐ. சைக்கிள்ஸ், 1960-ல் சங்கிலி செய்யும் டைமண்டு செயின். பாடியில் 1961-ல் லூகாஸ் டி.வி.எஸ். பிறகு ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை. 1965-ல் ‘விஜயந்தா’ அங்கிருந்து வெளிவந்தது. 1960-களில் அம்பத்தூர் எஸ்டேட்டும் எழுந்தது. குழாய், சங்கிலி, டயர், டைனமோ, பிரேக்கு என்று ஒரு மோட்டார் சைக்கிளை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தால், அநேகமாக எல்லாவற்றையும் செய்யத் தெரிந்த கை இந்தப் பத்து மைலுக்குள் உண்டு. நெல் வயலும் ஏரியுமாக இருந்த ஊர்கள் ஒரு தலைமுறைக்குள் இதைக் கற்றுக்கொண்டன. பூட்டிய கதவு இல்லாவிட்டால் இது நடந்திருக்குமா என்பது சந்தேகமே.

ஆனால் பூட்டிய கதவுக்குள் அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள், நாம் செய்யவில்லை. செய்ததை எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் போட்டியில் நிறுத்தினார்கள். தோற்றால் வண்டியை மாற்றினார்கள். நமக்கு அந்த அவசியம் நேரவில்லை. ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த நாடு இது; செய்ததெல்லாம் விற்கிற இடத்தில் யார் மாற்றப் போகிறார்கள்? இங்கே பந்தயமே இல்லை என்று சொல்ல முடியாது. சோழவரத்தில் யுத்த காலத்து விமான ஓடுபாதையில் வருஷா வருஷம் மோட்டார் பந்தயம் நடந்தது. பின்னால் பூந்தமல்லிக்கு மேற்கே இருங்காட்டுக்கோட்டையில் அதற்கென்றே பாதை போட்டார்கள். ஜனங்கள் திருவிழாப் போலப் போய்ப் பார்த்தார்கள். அங்கே கற்ற பாடம் திருவொற்றியூர் புல்லட்டுக்குள் புகுந்ததாக மட்டும் தெரியவில்லை. 346 சி.சி. வார்ப்பிரும்பு எஞ்சின் இருபத்தோராம் நூற்றாண்டு பிறந்த பிறகும் அப்படியே வந்துகொண்டிருந்தது.

இதைக் கேட்டுவிட்டு ஸ்பெயினே சிறந்தது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். மீதிக் கதையும் இருக்கிறது. டிரையலுக்கு உலகச் சாம்பியன் பட்டம் 1975-ல் ஏற்பட்டது. முதல் வருஷம் இங்கிலாந்தின் மார்ட்டின் லாம்ப்கின், அடுத்த மூன்று வருஷம் பின்லாந்தின் வெஸ்டரினென், 1979-ல் அமெரிக்காவின் ஷ்ரைபர். ஐந்து வருஷமும் புல்டாகோதான். அந்த 1979-லேயே தொழில் தகராறு முற்றித் தொழிற்சாலை மூடிக் கிடந்தது! மறுபடி திறந்தார்கள், 1983-ல் ஒரேயடியாக மூடினார்கள். சினிமாப் படம் காட்டும் யந்திரம் செய்து கொண்டிருந்து மோட்டார் சைக்கிளுக்கு வந்த ‘ஓஸா’வும் அதே 1980-களில் மறைந்தது. மான்டெஸா ஜப்பானிய ஹோண்டாவின் கைக்குப் போய்ப் பிழைத்தது. ஊரெல்லாம் ஜயித்தவன் கடையைக் கட்டினான். மாறாமல் உட்கார்ந்திருந்த புல்லட்டோ, 1970-ல் தன்னைப் பெற்ற சீமைக் கம்பெனி மறைந்த பிறகும் இருந்தது. 1977-ல் சீமைக்கே ஏற்றுமதியானது. 1994-ல் ஐஷர் கம்பெனியிடம் போய் இன்றும் ஓடுகிறது. 2019-ல் அந்தக் கம்பெனி பிரிட்டெய்னின் ஞாபகார்த்தமாக ‘புல்லட் டிரையல்ஸ்’ என்று ஒரு வண்டி விட்டது. பாறை மேல் ஏறுகிறவர்கள் அதை வாங்கியதாக நான் கேள்விப்படவில்லை.

இத்தனையும் தெரிந்துகொண்டு தகப்பனாரிடம் போனேன். அவர் பாடியில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தாறு வருஷம் டர்னராக இருந்தவர். அவருடைய புல்லட் 1968-ல் செய்தது. ராணுவம் கழித்துவிட்ட வண்டியை ஏலத்தில் எடுத்துத் தாமே பிரித்துப் பூட்டினார். என் தமக்கையின் பிரசவத்துக்கு அந்த வண்டியில்தான் நடுநிசியில் மருத்துவச்சியை அழைத்து வந்தார். அப்போது பிறந்தவன்தான் இப்போது அதை விற்கச் சொல்கிறவன்.

விற்கிற பேச்சுக்கு முன், வாங்க வந்தவரையும் சொல்ல வேண்டும். பழைய வண்டி சேகரிக்கும் இளைஞர் ஒருவர், நல்ல மரியாதையுள்ளவர், இரண்டு முறை வந்து போனார். சட்டத்தையும் எஞ்சினையும் கண்ணாடி வைத்து ஆராய்ந்து, இரண்டு எண்களையும் குறித்துக்கொண்டார். ராணுவப் பச்சை எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பெட்ரோல் டாங்கின் அடியில் சுரண்டிப் பார்த்தார். “ஐயா, ஐம்பது வருஷம் தாண்டிவிட்டது. 2021-ல் சர்க்கார் போட்ட விதிப்படி புராதன வண்டியாகப் பதிந்துகொள்ளலாம். ‘வி.ஏ.’ என்று எழுத்துப் போட்ட தனி எண் கிடைக்கும். விலை ஏறும்” என்றார்.

“அந்த எண் வந்தால் தினம் எடுத்துக்கொண்டு போகலாமா?” என்று தகப்பனார் கேட்டார்.

“அது கூடாது, ஐயா. கண்காட்சிக்கு, ஊர்வலத்துக்கு, பெட்ரோல் போட, பழுது பார்க்க, அவ்வளவுதான்.”

“அப்போ பழுது பார்க்கிறதுக்காகவே பழுதாக்கணும்” என்று சொல்லிவிட்டுத் தகப்பனார் எழுந்து உள்ளே போய்விட்டார். ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை தகுதிச் சான்றைப் புதுப்பித்துக்கொண்டு கறிகாய்க் கடைக்குப் போய் வருவதே அவருக்குப் போதும். எண்பத்தாறு வயதில் கிக்கரை மிதிக்கும் காரியத்தை என்னிடம் விட்டிருக்கிறார். ஆம்பியர் முள் நடுவுக்கு வரும் வரை மெல்ல அழுத்து, டீகம்ப்ரஸரைப் பிடி, இப்போது விடு, உதை என்று திண்ணையிலிருந்து உத்தரவு மட்டும் வரும். முதல் உதையில் பிடித்தால் பேச மாட்டார். அதுதான் பாராட்டு.

சேகரிக்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் எத்தனையோ நல்ல யந்திரங்கள் புதுப்பேட்டையில் எடைக்குப் போயிருக்கும். ஆனால் கண்ணாடி அறையில் நிற்கும் புல்லட்டுக்கும் புதுப்பேட்டையில் குவிந்த இரும்புக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தோன்றவில்லை. ஒன்றுக்குத் தூசி துடைக்கிறார்கள். ஷெர்பா விஷயத்தில் இது இன்னும் பொருந்தும். அது பார்ப்பதற்காகச் செய்யப்பட்ட பொருளே அல்ல. மில்லரின் மலையில் அடிபட்டுப் பன்னிரண்டு நாளில் உருவானது. அடிபட்டால்தான் அதன் அருமை தெரியும்.

புல்லட் விற்பனைக்கு இல்லை என்று மருமகனுக்கு எழுதினேன். வேறு புத்திமதியும் சேர்த்தேன். வாங்குவதானால் உன் சம்பாத்தியத்தில் வாங்கு. எண் பொருந்துகிறதா என்று பார்ப்பதற்கு முன் ஆசனத்தில் உட்கார்ந்து பார். அங்கேயே வைத்து ஓட்டு, இங்கே கொண்டுவர நினைக்காதே என்று. கடைசி யோசனைக்குக் காரணம் உண்டு. அந்த நாளைய ஷெர்பாவின் பெட்ரோல் டாங்கு கண்ணாடி நாரும் பிசினும் கொண்டு வார்த்தது. நம் பம்புகளில் இப்போது கிடைப்பது நூற்றுக்கு இருபது பங்கு எதனால் கலந்த பெட்ரோல். அந்தப் பிசினை எதனால் கரைக்கும். கரைந்த பசை கார்புரேட்டரில் போய் உட்காரும். உள்ளே பூச்சுப் பூசலாம், அலுமினிய டாங்கு வைக்கலாம். ஆனால் முதலில் பாறைக்கு எங்கே போவது? எங்கள் பக்கம் சமதரை. ஏரிக்கரை ஒன்றுதான் மேடு.

அவன் வாங்கிவிட்டான். 1970-களின் தொடக்கத்தில் செய்த ஷெர்பா. பெயிண்டு போய், மட்கார்டு நெளிந்து, ஆனால் ஓடுகிற வண்டி. புல்லட்டைப் போல அதற்கும் கியர் வலது காலில்தானாம். அதனால் தனக்கு உடனே பழகிவிட்டது என்று எழுதியிருந்தான். பின் கவையில் மட்டும் ஆட்டம். இரண்டு புஷ் மாற்ற வேண்டும். அங்கே கடையில் கிடைக்காத சாமான் அல்ல. இருந்தாலும் அளவுகளை மில்லி மீட்டரில் எழுதிப் படம் போட்டு எனக்கு அனுப்பிவிட்டான். கூடவே அங்கே கேட்ட விலையையும் எழுதியிருந்தான்.

காகிதத்தை எஸ்டேட்டில் எங்களுக்குத் தெரிந்த லேத் பட்டறைக்கு எடுத்துப் போனேன். தகப்பனாரும் பின்னால் உட்கார்ந்து வந்தார். அங்கே கேட்ட விலையைச் சொன்னதும் மேஸ்திரி சிரித்தார். “எந்த ஊர் வண்டி, சார்?” என்றார். சொன்னேன். “எந்த ஊரா இருந்தா என்ன, புஷ்ஷு புஷ்ஷுதான்” என்று கன்மெட்டல் தண்டு ஒன்றை எடுத்துச் சக்கில் மாட்டினார். படத்தில் உள்விட்டம் எழுதியிருந்த இடத்தைத் தகப்பனார் விரலால் தொட்டு, “இதைக் கொஞ்சம் இறுக்கமாவே விடுப்பா. பூட்டின பிறகு ரீமர் போட்டுக்கட்டும். பையனுக்கு அந்த வேலையும் தெரியட்டும்” என்றார். இரண்டு புஷ்ஷுக்குமாக முந்நூறு ரூபாய் ஆயிற்று. தபால் செலவு அதைவிடப் பல மடங்கு. பார்சல் போய்ப் பதினோரு நாள் ஆகிறது. பூட்டிப் பார்த்துவிட்டு எழுதுவதாகச் சொல்லியிருக்கிறான்.